குளோரீன் பரந்தனில், றூட்டைல் புல்மோட்டையில்

உயர்தரத்தில் கெமிஸ்ரி எடுத்த எல்லாருக்கும் அந்த அட்டவணை நினைவிருக்கும். மூன்றாம் ஆவர்த்தன ஒட்சைட்டுகள். இடப்பக்கம் சோடியத்தில் தொடங்கி மகனீசியம், அலுமினியம், சிலிக்கன், பொசுபரசு, கந்தகம் என்று போய் வலப்பக்கம் குளோரீனில் முடியும். மேல ஒரு நீட்டு அம்புக்குறி: மூல இயல்பு குறையும், அமில இயல்பு கூடும். அலுமினியத்துக்குக் கீழ மட்டும் "ஈரியல்பு" என்று எழுதி இரண்டு கோடு கீறவேணும், எம்சிகியூவில் அது எப்படியும் வரும். கிளிநொச்சியில் தகரம் போட்ட ஒரு ரியூசன் கொட்டிலில் இருந்து நான் அதை மூன்று தரம் எழுதிப் பாடமாக்கினேன். பாடமாக்கினது மட்டும்தான். சோடியமொட்சைட்டை ஒருநாளும் கண்ணால கண்டதில்லை.

அதே ரியூட்டின் கடைசிப் பக்கங்களில், கைத்தொழில் இரசாயன அலகில், இன்னொரு ஒட்சைட்டு வரும். றூட்டைல் என்ற கனியத்திலிருந்து சுத்தமான தைத்தேனியமீரொட்சைட்டு எடுக்கிற முறை. றூட்டைலோடு கற்கரியைச் சேர்த்து, 900 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிக் குளோரீனை விட்டால் தைத்தேனியம் நாற்குளோரைட்டு ஆவியாக வரும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து, ஒட்சிசனோடு தாக்கமுற விட்டால் வெள்ளைத் தூள் கிடைக்கும், விட்ட குளோரீனும் திரும்பக் கைக்கு வரும். இரண்டு சமன்பாடு, ஒரு பாய்ச்சற்கோட்டுப் படம்.

"சேர், இந்த றூட்டைல் எங்க இருக்கு?" என்று பின்வாங்கில் இருந்த ஒருத்தன் கேட்டான்.

"புல்மோட்டையில."

"குளோரீன்?"

சேர் கொஞ்சம் யோசிச்சார். "முந்திப் பரந்தனில செய்தவை." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "அது பேப்பருக்கு வராது தம்பி, நீர் எழுதும்."

பரந்தனுக்கும் புல்மோட்டைக்கும் இடையில் நேர்கோட்டில் நூறு கிலோமீற்றர்கூட இல்லை. சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இருக்கிற முக்கியமான இரண்டு பொருளும் வன்னியிலும் அதன் ஓரத்திலும் இருந்தன. அந்தத் தாக்கம் இங்கே ஒருநாளும் நடக்கவில்லை. பரீட்சை முடிந்து பல வருசம் கழித்தும் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் தேடிப் பார்த்தேன்.

முதலில் மணல். முல்லைத்தீவிலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்று ஊர்கள் வரும், கடைசியில் கொக்கிளாய். கொக்கிளாய்க் களப்பின் வாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் புல்மோட்டை. நிர்வாகக் கணக்கில் அது திருகோணமலை மாவட்டம். மணலுக்கு மாவட்ட எல்லை தெரியாது, கறுப்பு மணல் இரண்டு பக்கமும் கிடக்கிறது. ஆனாலும் புல்மோட்டையில்தான் அது தடிப்பாக, ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிய பட்டியாக இருக்கிறது. அந்தப் படிவில் பெரும்பங்கு இல்மனைற். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டு. அதோடு பத்தில் ஒரு பங்கு அளவில் றூட்டைல், அதே அளவுக்குச் சேர்க்கன், கொஞ்சமாக மொனசைற்.

இது இங்கே வந்த கதையே ஒரு வேதியியல் பாடம்தான். மலைநாட்டின் பழைய பாறைகள் கோடிக்கணக்கான வருசமாக மழையிலும் வெயிலிலும் உடைந்து கரைந்து போகின்றன. பெல்ஸ்பார் போன்ற கனியங்கள் களிமண்ணாக மாறிவிடும். சோடியம், கல்சியம் அயன்கள் தண்ணீரோடு போய்க் கடலில் சேரும். தைத்தேனியமும் ஒட்சிசனும் பிடித்த பிடி விடாது. தைத்தேனியத்தின் ஒட்சியேற்ற எண் நேர் நான்கு, ஆரை சின்னன், ஒட்சைட்டு அயனுக்கு மறை இரண்டு. ஏற்றம் கூடி இடைத்தூரம் குறைந்தால் சாலகச் சக்தி ஏறும் என்று நாங்கள் படித்தது இதைத்தான். உப்பின் சாலகச் சக்தி மூலுக்கு ஏறத்தாழ 790 கிலோயூல், மகனீசியமொட்சைட்டுக்கு ஏறத்தாழ 3800. தைத்தேனியமீரொட்சைட்டுக்கு இதைவிடப் பல மடங்கு. (அதன் பிணைப்பு முழுக்க அயன் பிணைப்பு இல்லை, பங்கீட்டு இயல்பும் நல்லாய்க் கலந்திருக்கு. அதனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் போக்கு அதுதான்.) மழைத்தண்ணி உப்பைக் கரைக்கும், றூட்டைலை ஒன்றும் செய்யாது. மகாவலி போன்ற ஆறுகள் அதை உருட்டிக் கொண்டுவந்து கடலில் விட, அலை அதை அரித்து எடுத்தது. சாதாரண வெள்ளை மணலான குவாட்சின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. றூட்டைல் 4.2, இல்மனைற் 4.7. அம்மம்மா சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி, பாரம் குறைந்ததை அலை திருப்பி இழுத்துக்கொண்டு போகும், பாரமானது கரையிலே நிற்கும். ஒவ்வொரு வடகீழ்ப் பருவக்காற்றும் புதுசாகக் கொண்டுவந்து போடும்.

நிறமும் சிலபசுக்குள்தான். தைத்தேனியம் நான்கு இலத்திரனையும் இழந்தால் அதன் டி உபசக்தி மட்டம் வெறுமை, டி இலத்திரன் தாவ வழியில்லை, ஆகவே சுத்தமான ஒட்சைட்டுக்கு நிறமில்லை. இல்மனைற்றில் பக்கத்தில் இரும்பு நிற்கிறது. இரும்பின் இலத்திரன் ஒளியை வாங்கிக்கொண்டு தைத்தேனியத்துக்குத் தாவும், அதில் எல்லா நிறமும் உறிஞ்சப்பட்டுக் கறுப்பாகிறது. சுத்தமான தைத்தேனியமீரொட்சைட்டின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 2.7, வைரத்தையே தாண்டியது. அதனால்தான் மெல்லிய பூச்சாக அடித்தாலும் சுவரை மூடிவிடும். இன்றைக்கு வெள்ளைப் பெயின்ற், கடதாசி, பிளாஸ்ரிக், பற்பசை எல்லாவற்றிலும் இருக்கிற வெள்ளை இதுதான். இதற்கு முதல் உலகம் ஈயத்தின் காபனேற்றைப் பூசிக்கொண்டிருந்தது, அது நஞ்சு.

இலங்கையின் கனியங்களை முறையாகத் தேடிய முதல் ஆட்களில் ஒருவரை நாங்கள் வேறு காரணத்துக்காகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிற்பத்தைப் பற்றி எழுதியவர் என்று படித்திருப்பீர்கள். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவைக்குத் தலைமை தாங்கினார். 1904இல் தோரியனைற் என்று பெயர் வைக்கப்பட்ட புதுக் கனியம் உலகுக்குத் தெரிய வந்ததில் அவருக்குப் பங்குண்டு. அது தோரியமீரொட்சைட்டு, ஒட்சைட்டுகளிலேயே மிக உயர்ந்த உருகுநிலை உள்ளவற்றில் ஒன்று. சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஒட்சைட்டில் தொடங்கித்தான் கலைக்குப் போனார் என்பதை எங்கட கலைப்பிரிவு நண்பர்களுக்கு அடிக்கடி சொல்லிக் காட்டுவேன்.

இனிக் குளோரீன்.

ஆனையிறவு உப்பளத்தை வன்னிக்குப் போற வாற எல்லாரும் கண்டிருப்பீர்கள். களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் காயவிட, முதலில் கல்சியம் காபனேற்றும், பிறகு கல்சியம் சல்பேற்றும் படியும். அதற்குப் பிறகுதான் உப்பு. மிஞ்சுகிற கசப்பு நீரில் மகனீசியம். அதுவும் சிலபசில் உண்டு. அந்த ஒட்சைட்டு அட்டவணையின் இரண்டு நுனியும், சோடியமும் குளோரீனும், ஒரே பளிங்கில் சேர்ந்திருக்கிற பொருள்தான் உப்பு. அதைக் கரைத்து மின்பகுத்தால் ஒரு பக்கம் குளோரீன், மறுபக்கம் ஐதரசனும் சோடியமைதரொட்சைட்டும். உப்பளத்திலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே இருக்கிற பரந்தனில் இதைச் செய்யத்தான் அரசாங்கம் இரசாயனத் தொழிற்சாலை கட்டியது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி.ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடு காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி, பரந்தன் இரசாயனம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். பரந்தன் கூட்டுத்தாபனமானது 1950களின் நடுப்பகுதியில்.

எங்கட ஊர்ப் பெரியாக்கள் அதைக் "கெமிக்கல்" என்றுதான் சொல்வார்கள். "அவர் கெமிக்கலில வேலை செய்தவர்" என்றால் அந்தக் காலத்தில் நல்ல சம்பளம், குவாட்டஸ், கலியாணச் சந்தையில் மதிப்பு. சவர்க்காரத்துக்கும் துணிக்கும் கடதாசிக்கும் கோஸ்ரிக் சோடா, தண்ணீர் சுத்திகரிக்கக் குளோரீன். இந்த வகை ஆலைகளுக்கு உலகம் முழுக்க ஒரே தலையிடி இருக்கும். 80 கிராம் சோடியமைதரொட்சைட்டு எடுத்தால் 71 கிராம் குளோரீனும் கூடவே வரும், வேண்டாம் என்று சொல்ல ஏலாது. ஒன்றுக்குச் சந்தை இருந்து மற்றதுக்கு இல்லையென்றால் ஆலையைக் குறைத்து ஓட்டவேணும். ஆகவே குளோரீனை வாங்குகிற ஒரு தொழில் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இப்ப திகதிகளைப் பாருங்கள். புல்மோட்டை மணலுக்காக இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் உருவானது 1957இல். றூட்டைலைக் குளோரீனால் தாக்கி வெள்ளை நிறப்பொருள் செய்யும் முறையை அமெரிக்காவில் டியூபொன்ட் நிறுவனம் வணிக அளவுக்குக் கொண்டுவந்ததும் அதே 1950களில்தான். பரந்தனும் புல்மோட்டையும் டியூபொன்ட்டும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டின் பிள்ளைகள்.

ஏன் குளோரீன் வேணும் என்பதை ஒருக்கால் பார்ப்போம், ஏனென்றால் இந்த இடத்தை நாங்கள் பாடமாக்கினோமே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. இரும்பை ஊதுலையில் காபனால் தாழ்த்துகிறோம். தைத்தேனியத்தை அப்படி ஏன் எடுக்க ஏலாது? ஒரு மூல் ஒட்சிசனுக்கு என்று கணக்குப் பாருங்கள். இரும்பு ஒட்சைட்டு தோன்றும்போது வெளிவருவது ஏறத்தாழ 550 கிலோயூல், தைத்தேனியமீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 944. காபன் அதே ஒட்சிசனை எடுத்துக் காபனோரொட்சைட்டானால் 221தான் வரும். 944 கட்டிப் பிரித்த கட்டை அவிழ்க்க 221ஐக் கொடுத்தால் எப்படிக் காணும்? 720க்கு மேல் துண்டு விழும். வாயு வெளிவருவதால் எந்திரப்பி கூடும், வெப்பநிலையை நல்லாய் ஏற்றினால் கிப்ஸ் சக்தி மறையாகும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் தைத்தேனியம் காபனோடேயே சேர்ந்து காபைட்டாகிவிடும்.

குளோரீனை மட்டும் விட்டால்? ஒட்சைட்டு குளோரைட்டாக மாற ஏறத்தாழ 181 கிலோயூல் உள்ளே கொடுக்கவேணும், போகாது. இரண்டையும் சேர்த்து விட்டால் காபன் ஒட்சிசனைத் தூக்க, குளோரீன் தைத்தேனியத்தைத் தூக்க, 181இலிருந்து 221 கழிந்து மறை 40 அளவில் நிற்கும். தாக்கம் நடக்கும். எசுவின் விதியை இதைவிட நல்ல உதாரணத்தால் படிப்பிக்க ஏலாது என்பது என் எண்ணம். தைத்தேனியம் நாற்குளோரைட்டு 136 பாகையில் கொதிக்கிற திரவம். ஒட்சைட்டு 1800 பாகைக்கும் மேலே உருகுகிற கல்லு. அதே உலோகம், அதே ஒட்சியேற்ற எண், பிணைப்பு மாறினதும் கல்லு திரவமாகிவிட்டது, காய்ச்சி வடிக்கலாம். பிறகு ஒட்சிசனைக் கொடுக்க அந்த 181 திரும்பி வரும், குளோரீனும் திரும்பி வரும்.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இல்மனைற்றை இந்த வழியில் விட்டால் இரும்பு குளோரீனைத் தின்னும். றூட்டைலில் இரும்பு கொஞ்சம், ஆகவே இழப்புக்கு ஈடாகச் சேர்க்கவேண்டிய குளோரீனும் கொஞ்சம். பரந்தன் பெரிய ஆலை இல்லை. என்றாலும் சின்ன அளவில் ஒரு றூட்டைல் ஆலைக்கு அந்தக் குளோரீன் எண்ணிக்கூடப் பார்க்க முடியாத ஒன்றா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் கற்பனையில் கோட்டை கட்டவில்லை. நாற்குளோரைட்டு ஈரக்காற்றுப் பட்டதும் ஐதரோகுளோரிக்கமிலப் புகையாகக் கக்கும் பொருள். அந்தச் சூட்டையும் குளோரீனையும் தாங்கும் கலன்கள், தூய ஒட்சிசன், நிறைய மின்சாரம், இறக்குமதிக் கற்கரி எல்லாம் வேணும். தொழில்நுட்பத்தை வைத்திருந்தவர்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆனாலும் ஏலாத காரியம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சவறாவில், இதே மாதிரிக் கரைமணலை வைத்து 1984இல் குளோரைட்டு முறை ஆலை தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தில் அதற்கு முதலே சல்பூரிக்கமில முறை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. சவறாவைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கிணறுகள் கெட்டுப்போனதாகச் சனம் இன்றைக்கும் முறையிடுகிறது. ஆகவே ஆலை வந்திருந்தால் எல்லாம் நல்லாய் இருந்திருக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. நான் கேட்பது வேறு: இங்கே அந்தக் கேள்வியே சரியாகக் கேட்கப்பட்டதா?

நடந்தது இதுதான். மணல் வாரப்பட்டது. வலுக்கூடிய காந்தத்தால் இல்மனைற்றைப் பிரித்து, மின்னைக் கடத்துகிற றூட்டைலையும் கடத்தாத சேர்க்கனையும் மின்னழுத்தத்தால் வேறாக்கி, மூட்டையாகவும் குவியலாகவும் கப்பலேற்றினார்கள். யப்பான் உட்படப் பல நாடுகள் வாங்கின. வெள்ளைத் தூளாக மாறினது அங்கே. நாங்கள் அதைப் பெயின்ற் வாளியாகத் திரும்ப வாங்கினோம்.

பிறகு 1984. அந்த டிசம்பர் தொடக்கத்தில் நாயாறிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்ச் சனம் ஊரைவிட்டு எழுப்பப்பட்டது. அவர்களில் பலர் திரும்பி வந்து தங்கட காணியை மிதித்தது 2009க்குப் பிறகு, கால் நூற்றாண்டு கழித்து. எங்கட வயசுக்காரருக்குக் கொக்குத்தொடுவாய் என்றதும் 2023இல் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டினபோது வெளிவந்த மனிதப் புதைகுழிதான் நினைவுக்கு வரும்.

பரந்தனும் 1980களின் நடுவிலேயே தடுமாறத் தொடங்கியது. 1990இல் போர் மறுபடி வெடித்ததோடு கெமிக்கலும் உப்பளமும் நின்றுபோயின. அடுத்த வருசம் ஆனையிறவில் பெரும் சமர், 2000இல் இன்னொன்று, 2009 தொடக்கத்தில் மறுபடியும். கெமிக்கலின் சட்டகங்கள் துருப்பிடித்து, அதுவும் ஒரு ஒட்சைட்டாகி நின்றதை நான் சின்னனில் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அது என்னவென்று அப்ப தெரியாது.

தடை வந்த வருசங்களில் வன்னியில் ஒட்சைட்டின் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. சீமெந்து இல்லை. பற்றரி இல்லை. உலர்கலத்துக்குள் இருக்கிற கறுப்புத் தூள் மங்கனீசீரொட்சைட்டு. உயர்தரத்தில் மங்கனீசின் ஒட்சைட்டுகளை ஒட்சியேற்ற எண்படி அடுக்கும்போது நடுவில் "ஈரியல்பு" என்று எழுதுவோமே, அதேதான். பழசான பற்றரியை வெயிலில் காயவைப்பார்கள், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விடுவார்கள், இன்னும் கொஞ்ச நேரம் ரேடியோ கேட்கும். அப்பா இதைச் செய்தது அம்மாவுக்கு நல்ல ஞாபகம். "ஏன் வேலை செய்தது எண்டு அப்ப ஆருக்குத் தெரியும், செய்தி கேக்கவேணும், அவ்வளவுதான்" என்பா. காய்ந்துபோன மின்பகுபொருளில் அயன்கள் திரும்ப அசையத் தொடங்கினதும், தாழ்த்தப்படாமல் மிச்சமிருந்த மங்கனீசீரொட்சைட்டு இலத்திரனை வாங்கினது. ஜாம் போத்தல் விளக்கில் இருந்து உயர்தரம் படித்த தலைமுறை ஒன்று, இந்தத் தாக்கத்தைக் கொப்பியில் எழுதுவதற்கு முதலே கையால் செய்து முடித்திருந்தது.

மணல் மட்டும் தெற்குப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. 1997 செப்ரெம்பர் 9ஆம் திகதி, புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்றிக்கொண்டு நின்ற எம்.வி. கோர்டியாலிட்டி என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள். காவலுக்கு நின்ற படையினரும் சீன மாலுமிகளும் இறந்தார்கள். ஒரு கப்பல் ஒட்சைட்டுக்காக எங்கேயோ பிறந்த மாலுமி முல்லைத்தீவுக்கு அருகே செத்துப்போனான்.

பரந்தனிலிருந்து கரைக்குப் போகிற பாதை பரந்தன் – முல்லைத்தீவு வீதி. குளோரீன் எப்போதாவது றூட்டைலைத் தேடிப் போயிருந்தால் அதால்தான் போயிருக்கும். 2009இல் அந்த வீதியால் போனது சனம். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலுக்கு. அந்த வருசம் ஓகஸ்டிலும் உயர்தரப் பரீட்சை நடந்தது. செட்டிகுளத்து முகாம்களுக்குள் இருந்த பிள்ளைகளும் எழுதினார்கள். கெமிஸ்ரிப் பேப்பரும் எழுதினார்கள்.

இன்றைக்கு நிலைமை என்னவென்றால், பரந்தன் என்ற பெயரைத் தாங்கின அரச கம்பனி உயிரோடு இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கிற குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பதுதான் அதன் முக்கிய வேலை. புல்மோட்டைக் கூட்டுத்தாபனம் 1992இல் லங்கா கனிய மணல் கம்பனியானது, கனியங்கள் இன்னும் பெரும்பாலும் கனியங்களாகவே ஏற்றுமதியாகின்றன. ஆனையிறவில் 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை ஒன்று திறந்தார்கள். அந்த உப்புக்கு வைத்த சிங்களப் பெயரைப் பற்றித்தான் பிறகு பெரிய வாக்குவாதம். பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த உப்பிலிருந்து ஒரு காலம் என்ன செய்தார்கள் என்பதை அந்த வாக்குவாதத்தில் ஒருத்தரும் எடுத்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை. பரந்தனில் கைத்தொழில் வலயம் வரப்போகிறது என்ற அறிவிப்புகளும் வருகின்றன.

கொக்கிளாய்ப் பக்கம் கதை இன்னும் சிக்கல். கால் நூற்றாண்டு அலைந்து திரும்பி வந்த சனத்திடம், உங்கட கரையில் இல்மனைற் இருக்கிறது, காணி வேணும் என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்? மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். இதில் எனக்கு முழுத்தெளிவான நிலைப்பாடு இல்லை. மணலை அள்ளக்கூடாது என்று சொல்வது இலகு, ஆனால் பருவக்காற்றுக்குத் திரும்பி வருகிற வளம் அது. அள்ளலாம் என்று சொல்வதும் இலகு, ஆனால் இவ்வளவு காலம் அள்ளினதில் இந்தக் கரைக்கு என்ன வந்தது என்ற கணக்கை யாரும் காட்டவில்லை.

போன வருசம் நானும் இரண்டு நண்பர்களும் கொக்கிளாய் போனோம். உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றின காந்தத்தைக் கையில் கொண்டுபோனேன். கறுப்பு மணலில் பிடித்தால் கொஞ்ச மணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன, மிச்சம் அப்படியே கிடந்தது. ஒட்டினது மக்னரைற்றாக இருக்கவேணும், அதுவும் இரும்பின் ஒட்சைட்டுத்தான். இல்மனைற்றை இழுக்க எங்கட ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பலம் போதாது.

வலை தைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருத்தர் எழும்பி வந்து பார்த்தார்.

"என்ன தம்பியவை, கொம்பனி ஆக்களோ?"

"இல்லை ஐயா, சும்மா. படிச்சது, பாக்க வந்தம்."

"இதை அள்ளிக்கொண்டு போய் என்னதான் செய்யிறவங்கள்?"

"பெயின்ற் ஐயா. வெள்ளைப் பெயின்ற்."

அவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி, விரலிடுக்கால் வழியவிட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் கரிபோல் ஒட்டியிருந்ததைச் சாரத்தில் துடைத்தார்.

"இதிலயோ?" என்றார்.